எட்டு மணி மாவு

பல் இல்லாத வாயால் ஒருவரைத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது திட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 'சோம்பேறி' என்று ஆரம்பித்தால் முதல் எழுத்தே காற்றாகப் போய்விடும். எதிரே நிற்பவருக்குத் திட்டு விழாது, விசிறிக் காற்றுதான் வீசும். அக்காவுக்கு ஏழு மாதமாக இந்தக் கஷ்டம். அதிலும் அவள் திட்ட வேண்டிய ஆள் சொந்தத் தம்பி. அதிலும் அந்தத் தம்பிக்குத் தொழிலே பல்செட் செய்வது.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். 'மைக் அக்கா' என்றால்தான் ஊரில் தெரியும். அவள் 'ஐந்தாவது நடைமேடை' என்று சொன்னால் அந்த ஐந்து, காது கேளாதவருக்கும் ஐந்தாகத்தான் கேட்கும். ஒருமுறை அவள் ஒரு வண்டிக்குக் கடைசி அழைப்பு விடுத்தபோது, மூன்று தெரு தள்ளி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் படுத்தபடியே கிளட்சை மிதித்துக் கட்டில் சட்டத்தை உடைத்தார். உடைந்த கட்டிலைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட வாயில் ஈறு நோய் புகுந்து, மேலும் கீழுமாக முப்பத்திரண்டும் போயிற்று. புண் ஆறியதும் பல் டாக்டரம்மா ஈறுக்கு அச்சு எடுத்துவிட்டு, எந்தப் பல்செட்காரரிடம் கொடுக்கலாம் என்று யோசித்தபோது தம்பி குறுக்கே விழுந்தான்.

"என் அக்கா வாய்க்கு வெளியாளா? நல்லா இருக்கு டாக்டர். நானே செஞ்சு தரேன். பத்தே நாள்."

அந்தப் பத்து நாள் ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குழைந்த சோற்றையும் மசித்த பழத்தையும் விழுங்கி விழுங்கி, கடித்துத் தின்கிற எதைக் கண்டாலும் கண்ணில் தண்ணீர் விட்டாள். கேட்கும்போதெல்லாம் தம்பி, "நாளைக்கு உட்கார்றேன் அக்கா" என்றான். நாளைக்கு என்பது எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. மருத்துவ விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. ஒன்றாம் தேதி காலை ஆறு பத்து வண்டியை நிலைய மேலாளர் முன்னிலையில் அறிவித்துக் காட்ட வேண்டும். சொல் தெளிவாக இல்லாவிட்டால், அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை தொலைந்த பொருள் அறையில் வேலை.

தொலைந்த பொருள் அறை என்பது நிலையத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. ஆயிரத்து இருநூறு குடைகள், ஒற்றைச் செருப்புகள், யாரும் தேடி வராத இரண்டு பல்செட்டுகள். கடிதத்தை மடித்தபோது, அந்த இரண்டில் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் என்ன என்று அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றும்படி தன்னை ஆளாக்கிவிட்டானே என்ற நினைப்பில் அவள் உச்சந்தலை கொதித்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தம்பியின் பட்டறைக்குக் கிளம்பினாள்.

அவள் பேசியதெல்லாம் இங்கே பல்லோடு எழுதப்படுகிறது. பல் இல்லாமல் கேட்க ஆசைப்படுபவர்கள் உதட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம்.

தம்பியின் பட்டறை, வீட்டின் முன்னறை. ஒரு நீள மேஜை, ஒரு கேஸ் அடுப்பு, மெழுகு உருக்கும் விளக்கு, மூலையில் வெள்ளை மாவு மூட்டை. பிளாஸ்டர் தூள்தான், ஆனால் தொழிலில் அதற்கு மாவு என்றே பேர். சுவரில் ஏழு கால அட்டவணைகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் கோயில் சிற்பம் மாதிரி. சிவப்பு மையில் கோடு, பச்சை மையில் நேரம், ஓரத்தில் பூ. தம்பி எட்டாவதற்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். மேஜையில் வரிசையாக மூன்று அலாரம் கடிகாரங்கள். அவற்றில் இரண்டுக்குச் சாவி கொடுக்க நாளைக்கு என்று நேரம் ஒதுக்கியிருந்தான்.

"வா அக்கா. சரியான நேரத்துக்கு வந்த. இந்தத் தடவை திட்டத்தை அடியோட மாத்திட்டேன். காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறேன்..."

"இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்த?"

"இன்னைக்கு ஒன்பதே முக்கால். அதனாலதான் அக்கா திட்டமே போடுறேன்."

அக்கா அவனை விட்டுவிட்டு அலமாரியைப் பார்த்தாள். ஊரார் ஈறுகள் எல்லாம் வெள்ளை வெள்ளையாக அங்கே உட்கார்ந்திருந்தன. அச்சில் மாவு ஊற்றி எடுத்த மாதிரிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு, அதில் கொடுக்க வேண்டிய தேதி. தேதிகள் எல்லாம் எப்போதோ செத்துப்போயிருந்தன என்பது வேறு விஷயம். கடைசித் தட்டில், தூசியில் விதை போட்டால் முளைத்துவிடும் என்கிற அளவுக்கு மூடிக்கிடந்த ஒரு மாதிரியை எடுத்து ஊதினாள். சீட்டில் தேதி இல்லை. தம்பியின் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'நம்ம வீடு. அவசரமில்லை.'

அக்காவுக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அது பொய். இதுவரை வந்ததெல்லாம் கோபத்தின் தூதர்கள். மகாராஜா இப்போதுதான் வந்தார்.

"அவசரமில்லையா? யாருக்குடா அவசரமில்லை? பிள்ளை பல்லு முளைக்கிற மாதிரி தானா முளைச்சிடும்னு விட்டுட்டியா?"

"அக்கா, அது அப்படி இல்ல. வெளியாள்னா தேதி கேப்பாங்க. நம்ம வீட்டு வேலைன்னா நிதானமா, பார்த்துப் பார்த்துச் செய்யலாம்னு..."

"பார்த்துப் பார்த்துதான் அஞ்சு மாசம் ஆச்சா? எதைடா பார்த்த? இந்தா, இதையும் பாரு." கடிதத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

தம்பி படித்தான். முகம் மாவு நிறத்துக்குப் போயிற்று. அவன் கெட்டவன் இல்லை. அக்காவின் குரலைக் கேட்டுத்தான் சின்ன வயதில் பள்ளிக்கூடம் கிளம்புவான், மைக் வருவதற்கு முந்தைய காலம் அது. "மூணே நாள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். சோறு, தூக்கம், சட்டை மாற்றுவது எல்லாம் நின்றது. தள்ளிப்போடுகிறவர்களிடம் இப்படி ஒரு பேய் ஓட்டம் உண்டு. கழுத்துக்குக் கத்தி வந்தால் குதிரை மாதிரி ஓடுவார்கள், அதைக் காட்டியே அடுத்த ஐந்து மாதம் படுத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் பல்செட் வந்தது. முத்து முத்தாக, ஈறு ரோஜா நிறத்தில். தம்பி பொண்டாட்டி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "அண்ணி, இதைக் கண்காட்சியில வெக்கலாம்" என்றாள்.

அக்கா போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று மூச்சை இழுத்து, "பயணிகளின்" என்றாள். 'க' வருவதற்குள் மேல் செட் கழன்று கீழ் செட் மேல் விழுந்தது. வாய்க்குள் தட்டு அடுக்குகிற சத்தம்.

தம்பி எட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், மாதிரியில் வைத்துப் பார்த்தான். மாதிரியில் கச்சிதமாக உட்கார்ந்தது. வாயில்தான் ஆடியது.

"அக்கா, தப்பு என்னோடது இல்ல. உன் ஈறு சுருங்கிடுச்சு. பல்லு எடுத்த ஈறு மாசாமாசம் கரையும். இது அஞ்சு மாசத்துக்கு முந்தின ஈறோட அச்சு."

"ஈறு என்ன உன்னை மாதிரியா, இருந்த இடத்துலயே இருக்கிறதுக்கு?"

அக்கா அந்த அழகான பல்செட்டை மேஜை மேல் வைத்தாள். எறியவில்லை. எறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தம்பிக்கு இருந்தது. பத்தொன்பது நாள் மிச்சம்.

மறுநாள் டாக்டரம்மா புதிதாக அச்சு எடுத்தார். "இது ஈர அச்சு. அரை மணிக்குள்ள மாவு ஊத்தணும். காய்ஞ்சா அளவு மாறிடும்" என்றார். அக்கா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். இவனாவது அரை மணிக்குள்ளாவது. ஆனால் தம்பி ஈரத் துணியில் அச்சைச் சுற்றிக்கொண்டு, நெருப்புப் பிடித்தவன் மாதிரி ஓடினான். அக்கா மூச்சிரைக்கப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது மாவைக் கரைத்து ஊற்றி முடித்திருந்தான். பதினோரு நிமிஷம். அவன் வாழ்நாளில் அவ்வளவு சீக்கிரம் முடித்த வேலை, பிறந்தது ஒன்றுதான்.

அதைப் பார்த்து அக்கா கொஞ்சம் ஆறுதலாக வீட்டுக்குப் போனாள். அது தப்பு. மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தால், புது மாதிரி மேஜை ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. தம்பி ஒன்பதாவது அட்டவணைக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். தலைப்பு: 'அக்கா: பதினேழு நாள் திட்டம்'. ஓரத்தில் பூவுக்குப் பதிலாகச் சின்னச் சின்னப் பேருந்துகள்.

அக்கா சுற்றிலும் பார்த்தாள். பேசினால் காற்றுதான் வரும். மேஜையில் ரப்பர் கிண்ணம் ஒன்றில் மாவுத் தூள் அளந்து வைத்திருந்தது. என்றைக்கோ கரைப்பதற்கென்று என்றைக்கோ அளந்தது. பக்கத்தில் சொம்பு. கையில் கிடைத்ததை எடுத்து அவன் தலையில் ஊற்றத்தான் போனாள். என்ன இருந்தாலும் தம்பி, சளி பிடிக்கும் என்று கை கடைசி நேரத்தில் திரும்பியது. அவ்வளவு தண்ணீரும் கிண்ணத்தில் விழுந்தது.

"என்ன பண்ற நீ?" தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "பத்து நிமிஷத்துல இறுகிடும். மூட்டை கிடைக்கவே ஒரு வாரம் ஆகுது."

பேனா ஒரு பக்கம் பறந்தது, அட்டவணை ஒரு பக்கம். கரண்டியை எடுத்து மாவை அடித்தான். கிண்ணத்தை மேஜையில் தட்டித் தட்டிக் காற்றை விரட்டினான். கரைத்த மாவு வீணாகக் கூடாதே. எதைப் புதைப்பது? மெழுகில் பல் வைத்துத் தயாராக, மூன்று வாரமாகக் காத்திருந்தது பேங்க் காவலாளியின் செட். அதை எடுத்துப் பித்தளைப் பெட்டியில் மாவோடு புதைத்து மூடினான். மாவு இறுகினால் பெட்டியைக் கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கி, அது இருந்த இடத்தில் ஈறு நிறப் பிசினை அடைக்க வேண்டும். அடுப்பைப் பற்ற வைத்தான். அடுப்பு எரியும்போது இன்னொரு பெட்டியையும் போட்டால் கேஸ் மிச்சம். இன்னொன்றையும் எடுத்தான். தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அக்காவின் புது மாதிரியை இழுத்து வைத்து மெழுகு வளைக்க ஆரம்பித்தான். பகல் இரண்டு மணிக்குத்தான் அவனுக்குப் பசி என்ற ஒன்று ஞாபகம் வந்தது.

அக்கா கதவோரத்தில் சொம்போடு நின்றபடியே இருந்தாள்.

"பாத்தீங்களா அண்ணி?" என்றாள் தம்பி பொண்டாட்டி. "பதினெட்டு வருஷமா நான் கத்துறேன், அசையல. மாவு ஒரு வார்த்தை பேசல, எப்படி ஓடுறாரு பாருங்க. மனுஷங்க சொன்னா நாளைக்குன்னுடலாம். மாவுகிட்ட நாளைக்குன்னா கல்லாயிடும்."

"உன்னையும் ஒரு மூட்டையில கட்டி வெச்சிருந்தா உருப்பட்டிருப்பான்."

மறுநாள் காலை எட்டு மணி. அக்கா வந்தாள், 'வா' என்று சொல்லக்கூட விடவில்லை, கிண்ணத்தில் தண்ணீரைச் சாய்த்தாள். தம்பி வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு கரண்டியை எடுத்தான். அதற்கு மறுநாள் கிண்ணத்தை ஒளித்து வைத்தான். அவள் வீட்டுக்குள் போய்ச் சோறு வடிக்கிற பாத்திரத்தை எடுத்து வந்து அதில் மாவைக் கொட்டிக் கரைத்தாள். தம்பி பொண்டாட்டி ஒரு நாள் முழுக்க இரண்டு பேரோடும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் தம்பி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அந்தத் தாழ்ப்பாள் மூன்று வருஷமாக ஆடிக்கொண்டிருந்தது, 'நாளைக்குச் சரிபண்ணலாம்' பட்டியலில் முதலில் இருந்தது. அக்கா ஒரு தள்ளு தள்ளினாள். தாழ்ப்பாள் அவள் காலடியில் வந்து விழுந்தது.

அன்றைக்குச் சண்டை பெரிதாயிற்று.

"நான் என்ன மாடா, கொம்புல கயிறு கட்டி இழுக்க? எனக்கு மனசு வரணும் அக்கா. மனசு வந்தா ஒரே மூச்சுல முடிப்பேன்."

"உன் மனசு எந்த வண்டியில வருது, சொல்லு. அறிவிச்சுடறேன். நடைமேடையில அஞ்சு மாசமா நிக்கிறேன்டா நான்."

"நீ தினம் வந்து நின்னா எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே செய். இறுகுது பார்."

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். உண்மையிலேயே இறுகிக்கொண்டிருந்தது. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்தான். அக்காவுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நல்ல சண்டை, பாதியில் நின்றால் யாருக்குத்தான் ஆறும்?

ஒன்றாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தபோது, காலை எட்டு மணிக்கே நிலைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அங்கிருந்த குமாஸ்தா ஒரு காகிதத்தை நீட்டினார். "ஒண்ணாம் தேதி சரியா வரலைன்னா அன்னைக்கு ஆள் தேடி அலைய முடியாதும்மா. முன்னாடியே கையெழுத்து வாங்கிடச் சொன்னாரு மேலாளர்." கையெழுத்தோடு விடவில்லை. தொலைந்த பொருள் அறையின் சாவியையும் மேஜை மேல் வைத்தார். சாவியில் ஒரு குடைக் கைப்பிடி தொங்கியது. "வெச்சுக்குங்க. எப்படியும் உங்களுக்குத்தானே."

அந்தச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு அக்கா வண்டி ஏறினாள். மணி பத்தேகால். எட்டு மணிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. தம்பி இந்நேரம் பதினோராவது அட்டவணையில் பூ போட்டுக்கொண்டிருப்பான். பேருந்துக்குப் பதில் குடை போடுவான். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்தாள். குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் யாரையும் சொல்லாத வார்த்தைகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவள் உதடு அசைவதைப் பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே போனார். பட்டறைத் தெருவுக்குள் திரும்பும்போது அக்காவிடம் இரண்டு லாரிச் சுமைக்குக் கோபம் தயாராக இருந்தது.

கதவை உதைத்துத் திறந்தாள்.

தம்பி மேஜையில் குனிந்திருந்தான். முழங்கை வரை வெள்ளை. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஆறு பித்தளைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. சுவர் காலியாக இருந்தது. அட்டவணைகள் மாவு சிந்தாமலிருக்க மேஜை மேல் விரித்துப் போட்டிருந்தன, பூக்கள் எல்லாம் மாவுக்கடியில்.

"டேய்" என்று ஆரம்பித்தாள்.

"பேசாத அக்கா. இறுகுது."

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா நின்றாள். இரண்டு லாரிக் கோபம் இறக்க இடமில்லாமல் தெருவில் நிற்கிறது. தம்பி பொண்டாட்டியைப் பார்த்தாள்.

"எட்டு அடிச்சதும் வாசலைப் பார்த்தாரு அண்ணி. நீங்க வரல. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தாரு. அப்புறம் தானே எழுந்து தண்ணி ஊத்துனாரு. ஊத்திட்டு உங்களைத்தான் திட்டினாரு, வராததுக்கு."

"என்னைத் திட்டினானா? என்ன சொல்லித் திட்டினான்?"

"அதை நான் எப்படி அண்ணி என் வாயால சொல்றது?"

கொதிநீரிலிருந்து கடைசிப் பெட்டியை எடுத்து ஆறவிட்டு, மாவை உடைத்து, தம்பி ஒரு பல்செட்டை எடுத்தான். தேய்த்தான், கழுவினான், அவளிடம் நீட்டினான். முதல் செட் அளவுக்கு முத்துப் போல இல்லை. கீழ்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது. அக்கா அதைப் போட்டுக்கொண்டு, சேர்த்து வைத்த வார்த்தைகளில் இருப்பதிலேயே நீளமான ஒன்றைச் சோதனைக்காகச் சொல்லிப் பார்த்தாள். ஓர் எழுத்து சிந்தவில்லை. செட் அசையவில்லை. தம்பி பொண்டாட்டி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"நல்லா உக்காந்திருக்கு" என்றான் தம்பி, வாங்கிக் கட்டிக்கொண்டவன் முகத்தில் தொழில்காரன் திருப்தியோடு. "ஒண்ணாம் தேதி நான் வரேன். கேக்கணும்."

"நீ? ஆறு மணிக்கா? வந்துட்டாலும்."

ஒன்றாம் தேதி ஐந்தே முக்காலுக்குத் தம்பி மூன்றாவது நடைமேடையில் நின்றான். சட்டைப் பொத்தான் மாறியிருந்தது, காது மடலில் மாவு காய்ந்திருந்தது, ஆனால் நின்றான். அறிவிப்பு அறையில் மேலாளர் கைகட்டி நின்றார். அக்கா மேஜை மேல் சாவியை வைத்தாள், குடைக் கைப்பிடியோடு. மைக் முன் உட்கார்ந்தாள்.

ஆறு பத்து ஆயிற்று. வண்டி வரவில்லை. ஆறு பதினாலு. வரவில்லை.

"என்னம்மா பண்றது?" என்றார் மேலாளர். "தாமதம்னே அறிவிங்க. அதுவும் அறிவிப்புதான்."

அக்கா கண்ணாடி வழியாக வெறும் நடைமேடையைப் பார்த்தாள். ஏழு மாதம் காத்திருந்து வந்து உட்கார்ந்தால், வர வேண்டியது வரவில்லை. இறக்க இடமில்லாமல் ஆறு நாளாக நின்றிருந்த இரண்டு லாரிகளும் மெதுவாக இன்ஜினைக் கிளப்பின. பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. ஆறு பத்துக்குப் புறப்பட வேண்டிய வடக்கு வழித்தட வண்டி, ஆறு பதினாலு ஆகியும், வந்து, சேரவில்லை."

ஒவ்வொரு எழுத்தும் ஆணி அடித்த மாதிரி. தகரக் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்து, நிலையத்தை விட்டே போயின. பெஞ்சில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டிக்கெட் கவுன்டரில் இரண்டு பேர், தங்கள் மேல் தப்பே இல்லாதபோதும், மன்னிப்புக் கேட்டார்கள். தம்பி ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். அடுத்த நிமிஷம் வடக்கு வழித்தட வண்டி, ஹாரன் அடித்துக்கொண்டே, விளக்கை அணைக்கக்கூட மறந்து உள்ளே நுழைந்தது.

மேலாளர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஏழேகாலுக்குச் சின்ன இடைவேளை. அக்கா புதுப் பல்லோடு வெளியே வந்தாள். தம்பி ஏதாவது சொல்வான். இருபத்தாறு வருஷத்தில் ஊரே சொல்லியிருக்கிறது, ஆனாலும் தம்பி வாயால் கேட்பது வேறு. தூணருகே போனாள். தம்பி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என் வழித்தட வண்டி எப்போ? எட்டு மணிக்கு நான் மாவு கரைக்கணும்."

"அவ்வளவுதானா?"

"என்ன அவ்வளவுதானா? டீச்சரோட கீழ் செட் இன்னைக்குப் புதைக்கணும், நேத்தே சொல்லியாச்சு. வண்டி எத்தனை மணிக்கு, சொல்லேன்."

அக்கா விறுவிறுவென்று அறைக்குத் திரும்பி மைக் முன் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை. நல்லா இருந்துச்சு என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்கு இவனுக்கு நேரம் இல்லையாம். மாவு இறுகுமாம். அக்காக்காரி மனசு இறுகினால் பரவாயில்லையாம். ஆனால் அவன் வண்டி புறப்படும் நேரம் வந்துவிட்டது, அறிவிக்காமல் விட அவளால் முடியாது.

பொத்தானை அழுத்தினாள்.

"ஏழு இருபது, தெற்கு வழித்தடம், ஐந்தாவது நடைமேடை. போக வேண்டியவர்கள் போய்ச் சேருங்கள்."

தம்பி ஓடினான்.